பந்தியில் விடுபட்ட பெயர்கள்



அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்குப் பேரவைக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். இந்த நேரம் பார்த்து மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம் நமக்கு வாசிக்கப்பட்டது ஆண்டவரின் ஏற்பாடு என்றே நம்புகிறேன். செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வருகிறார்கள். அவர் மாட்சியோடு அமரும்போது ஒருவருக்கு வலப்பக்கம், மற்றவருக்கு இடப்பக்கம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவரோ சாவதற்காக எருசலேமுக்கு நடந்துகொண்டிருக்கிறார். தம்மை ஏளனம் செய்வார்கள், சாட்டையால் அடிப்பார்கள், கொல்வார்கள் என்று மூன்றாவது முறையாகச் சொல்லி முடித்த வாய் இன்னும் மூடவில்லை. அதற்குள் இவர்களுக்கு நாற்காலி கவலை.

மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது என்று மாற்கு எழுதுகிறார். எதற்குக் கோபம்? இடம் கேட்டதற்கா, முந்திக்கொண்டு கேட்டதற்கா? ஒன்பதாம் அதிகாரத்தில் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்தவர்களும் இவர்கள்தானே. அதனால்தான் இயேசு இரண்டு பேரை மட்டும் தனியே கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. பன்னிரண்டு பேரையும் கிட்டே அழைத்தார். பெரியவராக விரும்புவதே பாவம் என்றும் அவர் சொல்லவில்லை. அந்த விருப்பத்துக்கு ஒரு வழி காட்டினார். உங்களில் முதன்மை வேண்டுபவர் எல்லாருக்கும் பணியாளராக இருக்கட்டும் என்றார்.

இதை நாம் எத்தனையோ முறை கேட்டுவிட்டோம். தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவிலும் இதே வார்த்தைகள் வருகின்றன. ஆகவே இன்றைக்கு வார்த்தையை விட்டுவிட்டு, பணியாளராக இருக்கும் தலைவர் திங்கள்கிழமை காலையில் என்ன செய்வார் என்று பார்க்க விரும்புகிறேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். எருசலேமில் முதல் சபை. எல்லாம் பொது. கைம்பெண்களுக்குத் தினமும் பந்தி. அங்கே ஒரு முணுமுணுப்பு கிளம்புகிறது. எபிரேயம் பேசும் கைம்பெண்களுக்குச் சோறு கிடைக்கிறது, கிரேக்கம் பேசும் எங்கள் கைம்பெண்களுக்குக் கிடைப்பதில்லை என்று. இந்தக் கிரேக்க மொழிக்காரர்களும் யூதர்கள்தான். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்து புண்ணிய நகரத்தில் வந்து குடியேறியவர்கள். யாரும் வஞ்சகம் செய்ததாக லூக்கா எழுதவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பட்டியல் எழுதியவர் உள்ளூர்க்காரராக இருந்திருப்பார். தெரிந்த முகங்களின் பெயர்கள் தாமாகவே முதலில் வந்திருக்கும். சந்துக் கோடியில் குடியிருந்த, வேறு பாஷை பேசிய, கேட்டு வாங்கத் தெரியாத ஒரு பாட்டியின் பெயர் விட்டுப் போயிருக்கும். ஒரு நாள் விட்டுப்போனது மறுநாளும் விட்டுப்போயிருக்கும்.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். முணுமுணுத்தவர்களை அடக்கவில்லை. ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் ஆண்டவரோடு கூட இருந்தவர்கள், எங்களுக்குத் தெரியாதா என்றும் கேட்கவில்லை. சபை முழுவதையும் கூட்டி, நற்பெயர் பெற்றவர்களாக, தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக ஏழு பேரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். சபை தேர்ந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியில் வரும் நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை. அந்தியோக்கியா நகரத்துக்காரர், யூத மதத்தைத் தழுவியவர். ஆளுக்குப் பாதி என்று பங்கு வைத்திருந்தால் நியாயம் என்று ஊரே பாராட்டியிருக்கும். இவர்கள் அதற்கும் மேலே போனார்கள். விடுபட்டவர்களின் பக்கத்தாரிடமே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். இனி எபிரேயக் கைம்பெண்களுக்கும் சேர்த்து அவர்கள்தான் பரிமாறுவார்கள்!

அன்பானவர்களே, எனக்கு நல்ல தலைவர் என்றால் இவர்தான். பட்டியலில் யார் பெயர் இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர். பார்த்தபின், விட்டுப்போனவர் கையிலேயே கரண்டியைக் கொடுக்கத் துணிந்தவர். மற்றத் தகுதிகள், பேச்சுத் திறமை, படிப்பு, செல்வாக்கு எல்லாம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நம் ஊரான தடாவுக்கு வந்து நிற்கும். நாம் இரண்டு மொழிகள் சேரும் இடத்தில் வாழ்கிறோம். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகத்துக்குப் போனது, சத்தியவேடுப் பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்கு வந்தன. கோடு நகர்ந்தது, குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2022-ல் நெல்லூர் மாவட்டத்துக்காரர்களாகப் படுத்துத் திருப்பதி மாவட்டத்துக்காரர்களாக எழுந்தோம். நம்மில் பலர் வீட்டில் ரேஷன் கார்டு தெலுங்கில், செபமாலை தமிழில். பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுகிறார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. சிலர் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது பக்கத்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த ஒடிசாப் பிள்ளைகளும் ஜார்க்கண்ட் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வந்து கதவோரம் நிற்கிறார்கள். முழங்காலிடும்போது முழங்காலிடுகிறார்கள். நற்கருணை வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் ஏரியைப் பாருங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி நம் ஆந்திரத்துப் பக்கம் இருக்கிறது, கடலுக்குத் திறக்கும் பழவேற்காட்டு முகத்துவாரம் தமிழ்நாட்டில். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி ஓதம் ஏறி இறங்கும்போது இறால் ஓடிவரும் இடங்கள் உண்டு. நாள் முழுக்க வலை கட்டினாலும் கைக்கு ஒன்றும் வராத ஓரங்களும் உண்டு. வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காகப் பட்டினவர் குப்பங்களில் முன்னோர் ஒரு முறை வகுத்தார்கள். பாடு முறை என்று பெயர். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் பங்கு. யார் எந்த இடத்தில், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டும் சுழற்சியும் தீர்மானிக்கும். இன்று நல்ல இடத்தில் நின்றவர் நாளை ஒதுங்கி இன்னொருவருக்கு விடவேண்டும். பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர் வீட்டு வலைக்கும் அதே முறைதான்.

இதில் தலைவர்களுக்கு எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது! தான் வகுத்த விதிக்குத் தானே முதலில் தலைகுனிகிறவரின் பேச்சுக்குத்தான் ஊர் கட்டுப்படும். பங்கில் எல்லாரும் வரி கட்டவேண்டும் என்று சொல்பவர் வீட்டு வரி பாக்கியாக இருந்தால், திருவிழாக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசும்போது பின்வரிசையில் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த நல்ல முறைக்கும் ஒரு வெளி உண்டு, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. பங்கு ஒரு சாதிக்குள், மணமான ஆண்களின் பெயரில். அந்தக் கணக்குக்கு வெளியே அதே தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றச் சாதி மீனவர்கள், தலித் மக்கள். இருளர் குலத்துப் பெண்கள் இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். பாசியும் முள்ளும் கிழித்த அந்த விரல்களோடு கரைக்கு வந்தால் கிடைக்கும் விலை சொற்பம். யானாதிப் பழங்குடி மக்களின் நிலையும் அதுதான். உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயமாக இருந்த முறை, வெளியே நிற்பவர்களைக் கண்ணால் பார்க்கவில்லை. நேர்மையான பெரியவர்கள்தான் அதை நடத்தினார்கள். எருசலேமில் பந்தி நடத்தியவர்களும் நேர்மையானவர்கள்தான். நேர்மை மட்டும் போதாது என்பதை இந்த இரண்டு இடங்களிலும் பார்க்கிறோம். நம் அன்பியங்களிலும் அப்படி ஒரு வெளி இருக்கிறது. அது எங்கே தொடங்குகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

சரி, இப்படி ஒரு தலைவராக ஆவது எப்படி? ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், ஆங்கிலிக்கன் சபை ஆயர். நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்ளலாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. பணியில் பல ஆண்டு தென்னிந்தியா முழுக்க அலைந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஆள் அனுப்பி நற்செய்திப் பணி செய்வதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி மனதைத் துளைத்தது. ஊர் திரும்பி, மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானார். சொந்த ஆட்கள், சொந்தப் பணம். சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல், தெலுங்கு நாடு.

ஆட்களை அனுப்பிவிட்டு அவர் சென்னையில் பெரிய பதவியில் இருந்திருக்கலாம். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் போகாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். அப்போது வயது முப்பத்தைந்து. அந்த வயதில் உட்கார்ந்து தெலுங்கு கற்றார். மொழியைக் கற்பது என்றால் என்ன என்று எல்லை ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். ஊரே மதிக்கும் மனிதர் குழந்தைகள்முன் தப்பும் தவறுமாகப் பேசி, சிரிப்பை வாங்கிக்கொண்டு, திருத்தம் கேட்கவேண்டும். அந்தத் தாழ்ச்சிக்கு ஒப்புக்கொடுப்பவர்தான் பிறகு அந்த மக்களுக்காகப் பேசும் உரிமை பெறுகிறார்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அங்கே அசரியா பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். அவர்களுடைய தியாகத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, ஆண்டுக்கணக்கில் கூடவே பணி செய்யும் இந்தியரை வெள்ளை மிஷனரி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைப்பதில்லையே என்று வெளிப்படையாகச் சொன்னார். தியாகத்தைக் கொடுத்தீர்கள், நட்பையும் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. மறுபடியும் பந்திதான் பாருங்கள். எருசலேமில் முணுமுணுப்பாகக் கேட்டதை இவர் எழுந்து நின்று சொன்னார். இரண்டாண்டுக்குப் பின், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவர். மிஷனரிகளிடமிருந்து எதிர்ப்பு இருந்தது. சென்னை ஆயர் ஹென்றி வைட்ஹெட் என்ற ஆங்கிலேயர் விடாப்பிடியாக நின்று, தம் மறைமாவட்டத்தில் ஒரு பகுதியை அவருக்காகப் பிரித்துக் கொடுத்தார். அசரியாவைப் பற்றிப் பேசும் பலர் வைட்ஹெட்டை மறந்துவிடுகிறார்கள். தன் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்தவர் அவர். ஸ்தேவானுக்கு இடம்விட்ட திருத்தூதர்களின் வரிசையில் எனக்கு அவரும் தெரிகிறார்.

தோர்ணக்கலில் ஆயர் அசரியா என்ன செய்தார்? மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். மாலா, மாதிகா என்ற தலித் மக்களின் சேரிகளில் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் பிறருக்கு நற்செய்தி சொல்லக் கடமைப்பட்டவர் என்று கற்பித்தார். தெலுங்கு மக்களுக்குள்ளிருந்தே ஆசிரியர்களையும் குருக்களையும் உருவாக்கினார். பயிற்சிக்கு வந்தவர்களின் மனைவியரும் சேர்ந்து படித்தார்கள், அந்தப் பெண்களுக்கு அவருடைய மனைவி அன்பு அம்மையார் தாயாக நின்றார். 1939-ல் அவர் கட்டி முடித்த பேராலயத்தைப் பார்த்தால், மசூதியின் கும்மட்டமும் கோயிலின் தூண்களும் சிலுவையோடு சேர்ந்து நிற்கும். 1945 சனவரி முதல் நாள் அந்தத் தெலுங்கு மண்ணிலேயே கண்மூடினார். தமிழர் ஒருவர் தெலுங்குச் சபையை நடத்திய காலம், காலப்போக்கில் தெலுங்கர்களே நடத்தும் காலத்துக்கு வழிவிட்டது. அதற்காகத்தான் அவர் அத்தனை ஆண்டும் உழைத்தார்.

நம் திருச்சபையிலேயே, நம் ஆந்திரத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். கர்தினால் அந்தோணி பூலா. 1961-ல் கர்னூல் பகுதியில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது, வீட்டில் வறுமை. யாரோ ஒரு மிஷனரி அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். அந்த உதவியால் அவர் மறுபடி படித்தார். 2022 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். முதல் தலித் கர்தினால், முதல் தெலுங்குக் கர்தினால். அவரைப் பாராட்டுகிறோம். வருகைப் பதிவேட்டில் விடுபட்ட ஒரு பெயரைத் தேடிப் போனவரை எனக்கு அதைவிடப் பிடிக்கிறது.

தம்பி தங்கைகளே, தலைமையைக் கற்றுக்கொள்ள நீங்கள் எங்கும் போகவேண்டாம். உங்களில் சிலர் ஸ்ரீசிட்டியில் லைன் லீடராக இருக்கிறீர்கள். இருபது, முப்பது பேர் உங்கள் கண் பார்வையில் வேலை செய்கிறார்கள். டார்கெட் உண்டு, மேலே இருப்பவர் கேட்பார், அது எனக்கும் தெரியும். ஒரு பெண் இன்று மெதுவாக வேலை செய்கிறாள் என்றால், கத்துவதற்கு முன் அவள் பக்கத்தில் போய், சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். ஹாஸ்டலில் இரவு காய்ச்சலோடு கிடந்துவிட்டு, லீவு கேட்கும் அளவுக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாமல் ஷிஃப்டுக்கு வந்திருப்பாள். அவளுடைய ஊர் எது, அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், அவள் பேசும் மொழியில் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். கஷ்டமான முறை வரும்போது உங்கள் பெயரை முதலில் போடுங்கள். உங்களைவிடத் திறமையானவர் வந்தால் பயப்படாமல் வேலையைச் சொல்லிக்கொடுங்கள். இதையெல்லாம் இருபத்திரண்டு வயதில் பழகாதவர், ஐம்பது வயதில் பதவி வந்தபின் பழகிக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் புகுந்த வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள் என்று நம் பங்கில் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். விடுபட்ட பெயர்களின் பட்டியல் உங்கள் மனதில் இருக்கிறது. ஆனால் பேரவை என்றவுடன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறீர்கள். இந்த முறை போகாதீர்கள்.

பேரவையில் இருந்து விலகப்போகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வேதாகமப் பகுதி வைத்திருக்கிறேன். முதுமையில் இறைவாக்கினர் சாமுவேல் மக்கள்முன் நின்று கணக்குக் கொடுத்தார். யாருடைய மாட்டையாவது எடுத்தேனா, யாருடைய கழுதையையாவது பிடித்தேனா, யாரையாவது ஒடுக்கினேனா, யார் கையிலிருந்தாவது இலஞ்சம் வாங்கினேனா என்று கேட்டார். இல்லை என்றார்கள் மக்கள். எவ்வளவு பெரிய பேறு அது! அடுத்த ஞாயிறு திருவிழாக் கணக்கும் கல்லறைத் தோட்டக் கணக்கும் தமிழிலும் தெலுங்கிலும் வாசிக்கப்படும். கேள்வி கேட்பவர்களை யாரும் முறைக்கக்கூடாது. அதே சாமுவேல் தம் பிள்ளைகள் யோவேலையும் அபியாவையும் நீதித்தலைவர்களாக வைத்தார், அவர்கள் இலஞ்சம் வாங்கினார்கள் என்பதும் அதே வேதாகமத்தில் எழுதியிருக்கிறது. அப்பா நல்லவர் என்பதற்காக மகன் பெயரைச் சீட்டில் எழுதவேண்டாம். மகன் நல்லவரென்றால் எழுதுங்கள்.

இப்போது நடைமுறை. சீட்டு இரண்டு மொழியிலும் இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு பிள்ளைகள் வாசலில் தனியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் கேட்டதை வெளியே சொல்லமாட்டார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு, அவர்களில் ஒருவருக்கு இந்தப் பேரவையில் இடமும் உண்டு. கதவோரம் நிற்பவர்களை இந்த வாரமே பெயர் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத நினைப்பவரிடம் முன்னதாகவே சம்மதம் கேளுங்கள். எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார். மோசே, எனக்குப் பேச்சு வராது என்று கடவுளிடமே மறுத்துப் பார்த்தவர். எரேமியா, நான் சிறுபிள்ளை என்றார். ஆகவே ஒருமுறை மறுத்ததற்காக விட்டுவிடாமல், இரண்டாம் முறையும் அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கையை இன்று தெலுங்கில் சொல்வோம். தெலுங்கு வராதவர்கள் பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து சொல்லுங்கள்.